வெள்ளிமலை ரசிகர்

“ஊரே மறியல்ல கெடக்குது. இன்னைக்கு யாரு வந்து கேசட்டு வாங்கப் போறாங்க? கடைய மூடிட்டு வாங்க,” என்றாள் மணிமொழி.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் கள்ளக்குறிச்சி ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பஸ் இல்லை. தங்கதுரை தானே மெட்டுப் போட்டு, தானே பதிவு செய்து வெளியிட்ட கேசட்டுகள் அலமாரியில் தூங்கின. ரெக்கார்டிங் மிஷினை விற்றுவிடலாம் என்று மனைவி சொல்லும்போதெல்லாம், “வெள்ளிமலையில மட்டும் விக்குதே,” என்பதுதான் அவன் பதில்.

வியர்வை வழிய ஒருவர் படியேறி வந்தார். “எம்பேரு கரியன். வெள்ளிமலைங்க. பஸ் இல்லாததால நேத்தே கெளம்பி நடந்து வரேன். உங்க கேசட்டு பத்து வேணும்.”

தங்கதுரைக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா மணிமொழி, மரத்தையெல்லாம் தாண்டிக்கினு வந்திருக்காரு. அண்ணே, எந்தப் பாட்டு ரொம்பப் புடிச்சிது?”

“பாட்டாங்க?” கரியன் விழித்தார். “சாமைக்கதிரு முத்துற நேரம். உள்ள இருக்கிற நாடாவ உருவி கொல்லையில குறுக்க கட்டிடுவோம். காத்துல விர்ருனு சத்தம் போடும். ஒரு குருவி கிட்ட வராது.”

மணிமொழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அதுக்கு என் கேசட்டுதானா கெடைச்சுது?”

“மத்தத உருவ வூட்ல வுட மாட்டேங்கறாங்க.”

தங்கதுரைக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“நாடா நீளம் போதுதா அண்ணே?”

“கொஞ்சம் கம்மிதாங்க.”

“மணிமொழி, மிஷின் வெலைக்கு இல்ல. அடுத்த கேசட்டு தொண்ணூறு நிமிஷம்.”