ஞாயிற்றுக்கிழமைப் பவளம்

"தொடாதீங்க தாந்தின்! கை பட்டா இன்னும் சுருங்கிடும்."

அத்தையைத் 'தாந்தின்' என்றே கூப்பிடும் அந்தத் தீவு வழக்கப்படி பாட்ரிக் சொன்னதும், கனகம் கண்ணாடி மீன் தொட்டிக்குள் விட்ட கையை வெளியே எடுத்தாள். உப்புத் தண்ணீருக்கு அடியில், மணல்மேல், அந்தப் புதுப் பவளம் ஊறிப்போன செருப்புத் தோல்போலக் கிடந்தது.

"செத்துடுச்சாப்பா?"

"இல்லை, மிரண்டு போயிருக்கு. நான் வேலை பார்க்கிற ஹோட்டல் தொட்டியிலேருந்து பெயர்த்து, வாளியில போட்டு, கிராண்ட் பே ஊரிலேருந்து பஸ்ஸில ஆட்டி ஆட்டிக் கொண்டு வந்தேனே. புதுத் தண்ணி, புது வெளிச்சம். மேல்தோலை உரிச்சுப் போடும். பார்க்கிறதுக்குச் செத்த மாதிரிதான் இருக்கும்."

பேசிக்கொண்டே அவன் விளக்கைப் பாதி மறைத்து ஒரு துணியைக் கட்டினான். தண்ணீர் நேராக மோதாதபடி பம்பின் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினான்.

"தீனி கீனி எதுவும் போடாதீங்க. தண்ணி குறைஞ்சா நல்ல தண்ணியைக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்துங்க. மத்தபடி சும்மா விட்டுடணும்."

"என்னையும் அப்படி யாராவது சும்மா விட்டா தேவலை" என்று கனகம் நாற்காலியில் சாய்ந்தாள். வாரம் முழுக்க ரோஸ் ஹில் ஆயத்த ஆடை ஆலையில் நின்றபடியே சட்டைகளைச் சரிபார்த்ததில் அவள் கணுக்கால்கள் வீங்கியிருந்தன.

தொட்டி அவள் மகள் வாசுகியுடையது. வாசுகிக்கும் பாட்ரிக்குக்கும் கல்யாணத் தேதிகூடக் குறித்திருந்தார்கள். மழையில் வழுக்கிய ஒரு பஸ் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. இரண்டு வருஷமாயிற்று. மீன்கள் ஒவ்வொன்றாய்ப் போய்ச் சேர்ந்தன. பாட்ரிக் மட்டும் ஒரு ஞாயிறு விடாமல் வந்து, வெறும் தொட்டியைக் கழுவி, பம்பை ஓடவிட்டுப் போவான். அவனுக்காக அன்று மட்டும் அந்த வீட்டில் மீன் கறி கொதிக்கும். மற்ற நாளெல்லாம் ரொட்டியும் தேநீரும்தான்.

"இது விரியட்டும் தாந்தின். பக்கத்துல இன்னொண்ணு வைப்போம். அப்புறம் இன்னொண்ணு. தொட்டி நிறையப் பவளம் வேணும்னு வாசுகி சொல்லிக்கிட்டே இருப்பா, இல்லை?"

கனகம் அவன் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் பவளம் அப்படியேதான் இருந்தது. அதன்மேல் சளிபோல ஓர் ஏடு படர்ந்து ஓரங்களில் தொங்கியது. வேலைவிட்டு வந்ததும் அவள் தண்ணீர் ஊற்றுவாள், கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைப்பாள், முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் பாட்ரிக்கின் அக்கா ஜோசெட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் அதே ஆலையில்தான் தைக்கிறாள்.

"உன்கிட்டே சொல்லலாமா கூடாதான்னு தெரியலை, கனகம்."

"சொல்லு."

"ஹோட்டல் சலவைப் பிரிவில சிமோன்னு ஒரு பொண்ணு. தங்கமான பொண்ணு. நம்ம பாட்ரிக்குக்காகக் காத்துக்கிட்டிருக்கா. ரெண்டு பேருக்கும் லீவு ஞாயித்துக்கிழமை மட்டுந்தான். ஒரு தடவையாவது அவங்க வீட்டுக்குப் போடான்னா, 'பவளம் இன்னும் தேறலை, தாந்தின் தனியா இருக்காங்க'ங்கிறான். அவ அடுத்த மாசம் ரெயூனியன் தீவுக்குப் போறா, அண்ணன்கிட்டே. இவன் ஒரு வார்த்தை சொன்னா நின்னுடுவா."

"இவனுக்கு அவளைப் பிடிச்சிருக்கா?"

"பேரைச் சொன்னாலே காது சிவக்குது. ஆனா வாய் திறக்க மாட்டேங்கிறான். உன் முகத்தை எப்படிப் பார்க்கிறதுன்னு பயம்."

கனகம் மீதி ரொட்டியைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தாள். மாலை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை ஹோட்டலுக்குப் போன் செய்து பாட்ரிக்கைக் கூப்பிடச் சொன்னாள்.

"பாட்ரிக், அது போயிடுச்சுப்பா."

"எது?"

"பவளந்தான்."

"ஐயோ... தோல் உரியறதைப் பார்த்துப் பயந்துட்டீங்களா? நாத்தம் அடிச்சுதா? அடிச்சாத்தான் செத்துடுச்சுன்னு அர்த்தம்..."

"அடிச்சுது. வீடே நாறிப்போச்சு. எடுத்து வெளியே போட்டுட்டேன்."

"நான் இன்னும் கவனமாப் பார்த்திருக்கணும்."

"நீ பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தாச்சு. போதும்."

"நாளைக்கு வந்து தொட்டியைக் கழுவி..."

"வேணாம். தொட்டியையும் யாருக்காவது கொடுத்துடப் போறேன். எனக்கு முடியலைப்பா. ஞாயித்துக்கிழமையாவது காலை நீட்டிப் படுக்கணும்."

"என்மேல கோபமா, தாந்தின்?"

"பைத்தியக்காரா. நாளைக்கு சிமோன் வீட்டுக்குப் போ. அப்புறம் ஒருநாள் அவளைக் கூட்டிக்கிட்டுச் சாப்பிட வா. வர்றதுக்கு முன்னாடி மட்டும் சொல்லிட்டு வா."

"தாந்தின்... உங்களுக்கு யார்..."

"நீ நல்லா இருக்கணும்பா" என்று போனை வைத்தாள்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலியைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டாள். உள்ளே பவளம் ஏட்டையெல்லாம் உதிர்த்துவிட்டு, விரல் விரலாய்ப் பூக்களை நீட்டி, இரண்டு கை அகலத்துக்கு விரிந்து ஆடிக்கொண்டிருந்தது, செவ்வாய்க்கிழமையிலிருந்தே அப்படித்தான்.