பேச்சை நிறுத்தும் மருந்து

"சொக்கம்மா என் மருந்தைத் திருடிட்டா, டாக்டரம்மா."

உத்திரமேரூர் ஏரிக்கரையில் பனி இன்னும் கலையவில்லை. கால்நடை ஆராய்ச்சியாளர் ஜெனிஃபர் வண்டியை நிறுத்துவதற்குள் பவளம் ஓடி வந்துவிட்டாள்.

"பச்சை மூடி பாட்டில் என்னுது. இன்னிக்குப் பாத்தா என் மாட்டுக்கொட்டாய்ல நீல மூடி கீது. என் மாடு தேறிகினு வர்றது அவளுக்குப் பொறுக்கல."

பவளமும் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாளும் வேலித் தகராறில் பேச்சை விட்டவர்கள். இருவர் மாட்டுக்கும் மடிநோய். ஆராய்ச்சிக்காக ஜெனிஃபர் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்திருந்தாள். ஒன்றில் புது மருந்து, இன்னொன்றில் வெறும் களிம்பு. எதில் எது என்று சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக் கொட்டகையில் சொக்கம்மாள் தன் மாட்டின் மடியில் காதை வைத்து, கண்மூடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"கிருமிங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்னு சொன்னீங்களேம்மா. கேக்குதான்னு பாக்கறேன். எங்கியோ மழை பெய்யற மாதிரி கீது."

பாட்டில் மாறி ஆராய்ச்சி கெட்டதே என்ற ஜெனிஃபரின் கோபம் பாதி கரைந்தது. அவள்தான் சொல்லியிருந்தாள். கிருமிகள் தங்களுக்குள் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். கூட்டம் சேர்ந்ததும் ஒன்றாகப் பாயும். மருந்திலுள்ள நானோ துகள்கள், மாவைவிடப் பல மடங்கு பொடியானவை, அந்தச் சேதியை உறிஞ்சிக்கொள்ளும். கிருமி சாகாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் சாதுவாகக் கிடக்கும். ஆன்டிபயாடிக் ஊசியும் வேண்டாம், அந்த மருந்து கலந்த பாலைக் கீழே கொட்டவும் வேண்டாம்.

"பாட்டிலை மாத்தினீங்களா?"

"ஆமாம்மா. நான்தான்."

"பாத்தீங்களா?" என்றாள் வேலியோரம் நின்ற பவளம்.

ஜெனிஃபர் குனிந்து மடியைத் தொட்டாள். போன வாரம் இளகியிருந்த மடி. இப்போது இறுகி, கையைச் சுட்டது.

"அக்கா, பச்சை மூடியில மருந்தே இல்ல. வெறும் களிம்பு."

"தெரியும்மா. நீலத்தைத் தடவினதும் என் மாட்டுக்கு வீக்கம் வத்திச்சி. அவ மாடு வலி தாங்காம கன்னுக்குட்டிய உதைச்சித் தள்ளிகினு இருந்திச்சி. பால் இல்லாம அது கத்தறது இங்க வரைக்கும் கேட்டுச்சி. அதான் நாலு நாள் முன்னாடி அவ வயலுக்குப் போன நேரத்துல மாத்தி வச்சேன்."

பவளம் திரும்பித் தன் கொட்டகையில் இருந்த கன்றைப் பார்த்தாள்.

"அவங்க கையிலயே குடுத்திருக்கலாமே?" என்றாள் ஜெனிஃபர்.

சொக்கம்மாள் மாட்டின் முதுகைத் தடவினாள்.

"நான் குடுத்தா வாங்க மாட்டாம்மா. எங்க ரெண்டு பேருக்குத்தான் பேச்சு இல்ல. கன்னுக்குட்டி இன்னா பண்ணிச்சி?"