ஆடாத வட்டிலப்பம்

கொட்டாஞ்சேனையில் ஓட்டோவில் ஏறியதிலிருந்து ரபீக்காவின் கண் மடியில் இருந்த அலுமினியத் தட்டத்தை விட்டு விலகவில்லை.

தேங்காய்ப்பாலும் முட்டையும் கலந்து மெத்தென்று அவித்த, முப்பது பேருக்கான வட்டிலப்பம். வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வலீமா விருந்து.

போன மாதம் பாமன்கடைக்குக் கொண்டுபோனது, வேறொரு ஓட்டோக்காரன் போட்ட ஒரே பிரேக்கில் பிளந்து கூழாகிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்காரர்கள் பார்த்த பார்வையை அவளால் மறக்க முடியவில்லை. இதுவும் உடைந்தால் இனி ஒருவரும் அவளைத் தேடி வரமாட்டார்கள்.

"அதுதான் உம்மா சடத்துவம். ஓடுற சாமான் ஓடிட்டே ஈக்கப் பாக்கும். ஓட்டோ நின்டாலும் வட்டிலப்பம் நிக்காது" என்று உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கும் மகள் நஸ்லா அன்றே விளக்கம் சொன்னாள்.

நிற்கிற சாமான் நின்றபடியே கிடக்கப் பார்க்குமாம். நாளைக்கு வேலை தேடப் போகிறேன் என்று மூன்று வருடமாகக் கதிரையில் இருக்கும் மனிதரைக் கட்டியவளுக்கு இதையெல்லாம் படித்தா தெரிய வேண்டும்?

ஆனால் இன்றைக்கு ஓட்டோ ஓட்டும் வேலுசாமி அண்ணனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?

பம்பலப்பிட்டி தாண்டியதும் கடலோர வீதியில் அவர் ஓட்டிய அழகே தனி. முன்னால் போன வாகனத்துக்குப் பின்னால் ஒரு பஸ் நிற்கும் அளவுக்கு இடம் விட்டார். கியரைக் குறைத்துக் குறைத்து, சைக்கிள்காரர்கூட முந்திப்போகும் வேகத்தில் போனார். பின்னால் ஹோர்ன் அடித்தவர்களைச் சட்டை செய்யவே இல்லை.

கொழும்பில் இப்படியும் ஒரு மனிதரா! ரபீக்கா அவருக்காக மனதுக்குள் ஒரு துஆவும் கேட்டுக்கொண்டாள்.

விருந்து மண்டபத்து வாசல் வந்தது. போயும் விட்டது.

"அண்ணே, ஹோல் தாண்டிட்டே!"

"தெரியும் தங்கச்சி. அசையாம இருங்க."

அடுத்த ஒழுங்கையில் திரும்பினார். காலிக்குப் போகும் பிரதான வீதிப் பக்கம் ஏறுகிற மேட்டில் ஓட்டோ மெல்ல மெல்லக் களைத்துத் தானாகவே நின்றது. எப்போது நின்றது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வேலுசாமி குதித்து இறங்கி, ஒரு கல்லைத் தூக்கிப் பின்சில்லுக்கு முட்டுக் கொடுத்தார்.

ரபீக்கா தட்டத்தோடு பக்குவமாக இறங்கி, ஒரு கையால் மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"வழி நெடுக ஒரு பிரேக் அடிக்கல்லியே அண்ணே! உங்களப் போல ஓட்ட யாருக்கு ஏலும்?"

அவருடைய சட்டை முழுதும் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நடைபாதை ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அடிக்கிறதுக்குப் பிரேக் இருக்கணுமே தங்கச்சி. அது பம்பலப்பிட்டியிலயே போயிருச்சு. சொல்லியிருந்தா நீங்க பயந்து துள்ளியிருப்பீங்க."

அப்போதுதான், அவள் கையில், வட்டிலப்பம் ஆடத் தொடங்கியது.