ஆணி அடிக்காத சுவர்

விஜயராணி கணவன் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். காலண்டர் மாட்ட ஒரே ஒரு ஆணிதான் என்று ஜெயபாண்டி கெஞ்சிப் பார்த்தான்.

"அரை ஆணிகூடக் கிடையாது. இந்தச் செவத்துல கை வச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குத் தையல் வேலைக்கு வந்த நாளாக, அந்தக் குடும்பம் எந்த வாடகை வீட்டிலும் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. குடிபோகிற வீட்டையெல்லாம் சொந்த வீடாக நினைத்துச் செலவழித்ததுதான் அவள் செய்த குற்றம்.

அனுப்பர்பாளையத்து வீட்டில் படுக்கையறைச் சுவர் ஓதம் ஏறிக் காரை பெயர்ந்து கிடந்தது. ஓவர்டைம் பணத்தில் அதைப் பூசி, பட்டி பார்த்து, இளம்பச்சை பெயிண்ட் அடித்தாள். பெயிண்ட் வாசனை போவதற்குள் வீட்டுக்காரருடைய தங்கை மகனுக்குக் கல்யாணம் கூடிவந்துவிட்டது. புதுமாப்பிள்ளைக்கு அந்த வீடுதான் வேண்டுமாம்.

அடுத்து, திருமுருகன்பூண்டியில் மகுடேஸ்வரன் வீடு. அங்கேயும் சுவரைப் பூசி, செல்ஃப் அடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை போட்டாள். ஆயுத பூஜைக்கு வந்து பார்த்தவர் வாயாரப் புகழ்ந்தார். தீபாவளி கழிந்ததும், தம்பி குடும்பம் ஊருக்கே திரும்பி வருகிறது என்று கையைப் பிசைந்தார்.

இருந்தாலும் அவர் நல்ல மனுஷன் என்றுதான் ஜெயபாண்டி இன்றைக்கும் சொல்கிறான். பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவீர்கள் என்று அவரே கவலைப்பட்டு, பெருமாநல்லூரில் சுப்பண்ணன் வீட்டைப் பேசி முடித்து, சாமான் ஏற்ற டெம்போவையும் அனுப்பிவைத்தார். காலி பண்ணச் சொல்கிறவர்கள் யார் இவ்வளவு செய்வார்கள்?

ஜெயபாண்டியைக் கேட்டால் எல்லாம் கண் திருஷ்டி. அவள் அறையை ஜோடிப்பதும், பார்க்கிறவர்கள் கண் படுவதும்தான் வினை என்று வாசலில் ஒரு பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டான். விஜயராணிக்குப் பூசணிக்காயில் நம்பிக்கை இல்லை. ஊரான் வீட்டுச் சுவருக்கு இனி ஒத்த ரூபாய் தருவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஆனால் பெருமாநல்லூர் வீட்டுப் படுக்கையறை பழைய வீடுகளைத் தூக்கிச் சாப்பிட்டது. ஓதம் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. பிளஸ் டூ படிக்கும் மகள் அனுப்பிரியா, புத்தகப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடு அறையில் நின்றாள்.

"அம்மா, பப்ளிக் எக்ஸாம் முடியிற வரைக்குமாவது இந்த வீட்டுல இருப்போமா?"

விஜயராணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எத்தனை நாள்தான் பிள்ளை மூட்டை முடிச்சுக்கு நடுவே உட்கார்ந்து படிப்பாள்?

பழைய சாமான் கடையில் பிளாஸ்டிக் பைப் வாங்கிச் சட்டம் போலக் கோத்துத் தரையில் நிறுத்தினாள். காதர்பேட்டையில் சின்னப் பழுதுக்காக மலிவாகக் கிடைத்த, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட செகண்ட்ஸ் துணியை அதில் திரையாகத் தொங்கவிட்டாள். ஓதச் சுவர் கண்ணிலிருந்து மறைந்தது. கம்பெனி அட்டைப்பெட்டிகளுக்குத் துணி சுற்றி அடுக்கியதில் புத்தக அலமாரி வந்தது. பனியன் வேஸ்ட் திணித்து இரண்டு திண்டும் தைத்தாள். நாளைக்கே போகச் சொன்னாலும் அத்தனையையும் அவிழ்த்து டெம்போவில் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

அறை ஜம்மென்று இருந்தது. அனுப்பிரியா அன்றைக்கே அங்கே உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுப்பண்ணன் வந்து நின்றார். சேவூரில் தோட்டம் வைத்திருப்பவர், வெள்ளை வேட்டி கசங்காதவர். வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார்.

"அடேங்கப்பா, பிரமாதமுங்க அம்மிணி" என்று செல்போனை எடுத்து அறையைப் படம் பிடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் இந்தப் புகழ்ச்சிதான் வரும். அப்புறம் கல்யாணம் வரும், தம்பி குடும்பம் வரும். விஜயராணி முந்திக்கொண்டாள்.

"அண்ணே, செவத்துல ஒரு ஆணிகூட அடிக்கல. நீங்க குடுத்தப்ப இருந்த மாதிரியே இருக்கு, வேணும்னா பாத்துக்கங்க." மகளுக்குப் பரீட்சை இருக்கிறது, அதுவரைக்குமாவது எங்களைக் கிளப்பிவிடாதீர்கள் என்று வாய்விட்டே கேட்டும்விட்டாள்.

சுப்பண்ணன் திரையை விலக்கினார். சுவரைத் தொட்டார். பொலபொலவென்று சுண்ணாம்பு வேட்டியில் உதிர்ந்தது. திரையை இன்னும் தள்ளி மூலை வரைக்கும் பார்த்தார். மலர்ந்திருந்த முகம் சுருங்கியது; செல்போன் சட்டைப் பைக்குள் திரும்பியது.

"ஏனுங்க அம்மிணி, செவுத்துக்கு ஒண்ணுமே பண்ணலீங்களா?"

"விரல்கூட வைக்கலண்ணே" என்றாள் விஜயராணி பெருமையாக.

அவர் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். ஏமாற்றத்தில் குரலே இறங்கிப்போயிருந்தது.

"நீங்க குடியிருக்கற ஊடெல்லாம் புதுசாயிரும்னு சொல்லித்தானுங்க மகுடேஸ்வரன் உங்கள எனக்கு அனுப்பி வெச்சாப்பல. இந்தச் செவுத்த முடிச்சுக் குடுக்காம எங்கயும் காலி பண்ணிப் போயிராதீங்க."