சைபர்தான் டாக்டர்!

"சைபர்தான் டாக்டர். வலியா? எனக்கா?" என்று நெஞ்சை நிமிர்த்தினார் அவர்.

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாரி எடை மேடையில் முப்பது வருஷம் உட்கார்ந்த மனுஷன். ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ சீட்டுக் கொடுத்ததில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டவள் அவள். அந்த வாயிலிருந்தா இந்தப் புளுகு?

வலி பத்துக்கு எத்தனை என்று நோயாளி சொல்வதை வைத்துத்தான் மாத்திரையின் அளவு. சைபர் என்றால் எப்படிக் கூட்டுவார்கள்? புற்றுநோய் இடுப்பெலும்புவரை வந்தாயிற்று, இவருக்கு வீறாப்பு!

"நம்பாதீங்க டாக்டரம்மா, பச்சைப் பொய்!"

"ஏய், சும்மா இரு. வலி எனக்கா உனக்கா?"

"எனக்கும்தான்!" கைப்பையிலிருந்து சின்ன நோட்டை உருவினாள். "திங்கள் காலை, ஏழு. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுட்டு உள்ளே முனகினார். செவ்வாய் மத்தியானம், ஆறு. ரேடியோவை அலறவிட்டார். புதன் சாயங்காலம், எட்டு. வீட்டுல இருக்கிற சோப்பையே வாங்கிட்டு வான்னு என்னைக் கடைக்கு விரட்டினார்."

அவர் முகம் வெளிறியது. "அடிப்பாவி, வேவு பார்த்தியா?"

"இருபத்தெட்டு வருஷம் உங்ககூடக் குப்பை கொட்டியிருக்கேன். மூச்சு மாறினா தெரியாதா எனக்கு?"

டாக்டர் நோட்டை வாங்கி, கணினித் திரையோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார். புருவம் உயர்ந்தது.

"பிரமாதம்மா! ஒரு நம்பர்கூட மாறலை."

"எதோட?"

"சார் செல்போன்ல எங்களுக்கு அனுப்புறதோட. தினம் மூணு வேளை, ஒருநாள் தவறினதில்லை. அதைப் பார்த்துதான் இன்னைக்கு மாத்திரையைக் கூட்டி எழுதியிருக்கேன். புதுசா வர்றவங்களுக்கு இவரோட பதிவைத்தான் காட்டுறோம், வலியை இப்படிச் சொல்லணும்னு."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். எடை மேடைக்காரர் கூரையில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"நீங்க பக்கத்துல இருந்தா மட்டும்தான் சைபர்," என்று சிரித்தபடி டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

நாற்பது நாள் வலி வரிசையாக நின்றது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும், 'குறிப்பு' என்ற கட்டத்தில், ஒரே வாசகத்தை வெற்றிச் செய்திபோல் கணவர் அடித்திருந்தார்:

'மனைவிக்குத் துளியும் தெரியாது.'