நாற்பத்தைந்து கிலோ

எடை மெஷினிலிருந்து இறங்கும்போது இளையபெருமாளின் மடியிலிருந்து இரண்டு கிலோ எடைக்கல் ஒன்று நழுவி, என் கால் கட்டைவிரலில் விழுந்தது.

ஆராய்ச்சியில் உண்மை தானாக வெளியே வரும் என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். இப்படி வரும் என்று சொல்லவில்லை.

ஒற்றைக் காலில் நின்றபடி கேட்டேன். “என்னங்க இது?”

“கல்லு சார்.”

“கல்லுன்னு தெரியுது. உங்க மடிக்குள்ள எப்படி வந்துச்சு?”

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு வேட்டியின் மறுபக்கத்திலிருந்து இன்னொரு கல்லை எடுத்துப் பத்திரமாகத் தரையில் வைத்தார்.

“ஒரு பக்கம் மட்டும் வெச்சா ஆளு சாயுது சார்.”

அது 1983. கணையத்தில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களின் உடம்பில் சத்து ஒட்டுகிறதா என்பதுதான் என் ஆராய்ச்சி. கணையத்தில் பாதியை எடுத்துவிட்டால் சாப்பிட்ட கொழுப்பு சரியாகச் செரிக்காது. அதோடு சேர்ந்து சில வைட்டமின்களும் வெளியே போய்விடும். அதற்காக வேளைக்கு ஒரு செரிமான மாத்திரை கொடுத்து, மாதம் ஒரு முறை எடை பார்ப்பேன். எடை குறைந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டும்.

பன்னிரண்டு பேர் தேவை. சேரும்போது ஒவ்வொருவரும் நாற்பத்தைந்து கிலோவாவது இருக்க வேண்டும். பதினொரு பேர் கிடைத்துவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆளுக்காகக் காரைக்கால் முழுக்க அலைந்து, கடைசியில் விழிதியூரில் பிடித்தவர்தான் விவசாயி இளையபெருமாள்.

ஆறு மாதமாக அவர் எடை இம்மியும் நகரவில்லை. நோட்டில் வரிசையாக நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து. பேராசிரியர் என் தோளைத் தட்டினார். நானும், ‘வேளைக்கு ஒரு மாத்திரையே போதும்’ என்று கட்டுரை எழுதி, டைப் அடிக்கக் கொடுத்துவிட்டேன்.

இப்போது கல் இல்லாமல் ஏறச் சொன்னேன். நாற்பத்தொன்று.

“பொய் எடை காட்டலாமாங்க?”

“பொய் எடை இல்ல சார். நூர் அகமது பாய் மளிகைக் கடைக் கல்லு. முத்திரை போட்டது. ஒரு கிராம் கொறையாது.”

“எத்தனை மாசமா இது?”

“ரெண்டாம் மாசத்துலேர்ந்து. மொதல்ல ஒரு கல்லுலயே சரியா வந்துச்சு. போன மாசம்தான் ரெண்டாச்சு. பாய் கடை மூட்டைத் தராசுல ஏறிப் பார்த்துட்டுத்தான் வெச்சுக்குவேன்.”

வாசற்படியில் நின்ற அவர் மனைவி அஞ்சுகம், “சீக்கிரம் முடிச்சு அனுப்புங்க சார். நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் பாய் சீனி நிறுக்க முடியாம உக்காந்திருக்காரு” என்றார்.

ஆக, ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஆராய்ச்சியாளனுக்கு மட்டும் தெரியவில்லை.

“மாத்திரையாவது ஒழுங்கா சாப்பிடுறாராம்மா?”

“அதெல்லாம் தவறாம. ஆனா ரெண்டு மாசமா பொழுது சாஞ்சா கண்ணு தெரிய மாட்டேங்குது. நேத்து மாட்டு மேலயே போயி முட்டிக்கிட்டாரு. மாடு நல்ல மாடு, விட்டுடுச்சு.”

மாலைக்கண். வைட்டமின் ஏ குறைவு. இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று என் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்.

“இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலையே சார். வருவீங்க, முள்ளப் பார்ப்பீங்க, எழுதிக்குவீங்க, பஸ்சுக்கு நேரமாச்சுன்னு ஓடுவீங்க.”

வேளைக்கு மூன்று மாத்திரை என்று மாற்றி எழுதினேன். வைட்டமினுக்கு மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். அப்படியும் மனசு ஆறவில்லை. பழியை யார் தலையிலாவது போட்டால்தான் பஸ் ஏற முடியும் போலிருந்தது.

“சரி, இந்தத் திருட்டு வேலையை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது.”

இளையபெருமாள் மனைவியைப் பார்த்தார். அஞ்சுகம் கூரையைப் பார்த்தார்.

“கோவிச்சுக்காதீங்க சார். என்னைச் சேர்க்க வந்த அன்னிக்கு ஒரு கிலோ கொறைஞ்சப்ப, நீங்கதான ரெண்டு செம்பு தண்ணியக் குடிச்சிட்டு ஏறுங்க, எப்படியாச்சும் நாப்பத்தஞ்சு காட்டணும்னீங்க. இப்பல்லாம் அவ்வளவு தண்ணி வயித்துல நிக்க மாட்டேங்குது சார். அதான் கல்லு.”