கேட்காமல் எடுத்த கார்

“வா மக்கா, இரி. எப்ப வந்த?”

புருஷன் எபிசன் அவ்வளவு சாதாரணமாகக் கேட்டதுதான் பெமிலாவுக்குப் பொறுக்கவில்லை.

வாசலில் நின்றது ஷஹீர். மஸ்கட்டில் இவர் கேட்காமல் எடுத்துக்கொண்டுபோய் நொறுக்கிய காரின் சொந்தக்காரன். அவனைப் பார்த்ததும் கொஞ்சம் கூச்சமாவது வர வேண்டாமா மனுஷனுக்கு?

அவளுக்குத்தான் கூசியது. “இருங்க தம்பி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய்க் கட்டன்சாயாவுக்கு வெள்ளம் கொதிக்க வைத்தாள்.

நடந்து ரெண்டு வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே அறை. தேங்காப்பட்டணத்து ஷஹீர் வயதில் ரொம்பச் சின்னவன். லைசென்ஸ் எடுத்து, லோன் போட்டு, முதன்முதலாக ஒரு பழைய கார் வாங்கியிருந்தான். முழு இன்சூரன்ஸும் எடுத்திருந்தான். வாங்கின எட்டாம் நாள், அந்த ஊர் லைசென்ஸ் இல்லாத எபிசன் அதை ஓட்டிக்கொண்டுபோய் ஒரு அரபியின் வண்டியில் இடித்துவிட்டார். ஆளுக்கு ஒன்றுமில்லை. வண்டி இரண்டும் போயிற்று. எபிசனை ரெண்டு மாசம் உள்ளே வைத்திருந்து, இனி இந்த நாட்டுக்குள் வரக்கூடாதென்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள்.

அங்கே இருந்த முட்டத்துக்காரன் ஒருவன்தான் முதலில் போனில் சொன்னான். “ஷஹீருக்கிட்ட கேக்காம சாவிய எடுத்திருக்காரு மைனி. போலீஸ்லயும் அப்படித்தான் எழுதியிருக்கு.”

அவர் வந்து இறங்கிய அன்றைக்கே ஏசத் தொடங்கினாள் பெமிலா. திருவனந்தபுரம் ஏர்போர்ட் வாசலிலேயே, நாலு பேர் திரும்பிப் பார்க்க, “களவாண்டு ஓட்டுகதுக்கா கடல் தாண்டிப் போனீங்க?” என்றாள். மகள் ஷைஜாவுக்கு நர்சிங் சீட் கிடைத்தும் பணம் கட்ட முடியாமல் போனபோது, அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டே, “உனக்க அப்பாகிட்ட கேளு, யாருக்க காரையாவது எடுத்துட்டு வருவாரு” என்றாள். ஷஹீரின் உம்மாவுக்குப் போன் போட்டு அழுதுகொண்டே மன்னிப்பும் கேட்டாள்.

எபிசன் இப்போது முட்டத்திலிருந்து களியக்காவிளைக்கு மீன் கொண்டுபோகிற மினி லாரி ஓட்டுகிறார். காலையில் அவர் சாவியை எடுத்தால், “அதையாவது கேட்டு எடுத்தீங்களா?” என்பாள். அவர் பைய இறங்கிப் போய்விடுவார்.

சாயாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

“தம்பி, உங்கள நேர்ல பாத்து மன்னிப்பு கேக்கணும்னு கெடந்தேன். இவரு செய்த காரியத்துக்கு…”

ஷஹீர் டம்ளரைத் தொடவில்லை. “வேண்டாம் மைனி. நீங்க உம்மாகிட்ட மன்னிப்பு கேட்டீங்கன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து எனக்கு ஒறக்கம் இல்ல.”

“ஆசைப்பட்டு வாங்கின கார் இல்லியா?”

“அடுத்த மாசம் எனக்கு நிக்காஹ். அழைக்கத்தான் வந்தேன். ஆனா ஒரு காரியத்தச் சொல்லாம அழைக்க முடியாது.” அவன் தரையைப் பார்த்தான். “சாவிய நான்தான் குடுத்தேன் மைனி.”

பெமிலா அவனையும் எபிசனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அன்னைக்கு எனக்கு நல்ல காய்ச்சல். மருந்துக்கடை வரைக்கும் போயிட்டு வாங்கண்ணேன்னு சொன்னேன். இங்கத்த லைசென்ஸ் இல்லியே மக்கா, நடந்தே போறேன்னுதான் அண்ணன் சொன்னாரு. இந்த வெயில்ல எதுக்கு, ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு சாவிய அவருக்க கையில வச்சு அமுத்தினது நான்.”

“பிறகு எதுக்கு அப்படி…”

“இன்சூரன்ஸ் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. லைசென்ஸ் இல்லாத ஆளுக்கு நானே சாவி குடுத்திருந்தா ஒரு பைசா கெடைக்காது, இடிபட்ட வண்டிக்கும் நான்தான் குடுக்கணும், எனக்கு மேலயும் கேஸ் வரும்னு. கேக்காம எடுத்தாருன்னா ஒரு பிரச்சினையும் இல்லன்னாங்க. நான் அப்படியே எழுதிக் குடுத்தேன். அண்ணன் உள்ள கெடக்கும்போ, இன்சூரன்ஸ் பணத்துல நான் வேற கார் வாங்கியாச்சு மைனி.”

பெமிலா அவனை என்ன சொல்லித் திட்டுவதென்று வார்த்தை தேடினாள். அதற்குள் எபிசன் பேசினார்.

“நீ எழுதுகதுக்கு முன்னாலயே நான் சொல்லியாச்சு மக்கா. போலீஸ் வந்து இறங்கின உடனே சொன்னேன், சாவி குடுத்தது யாருமில்ல, நானா எடுத்தேன்னு. எனக்க வேலை எப்படியும் போச்சு. உனக்கதும் சேந்து போய் என்ன கெடைக்கும்? இதப் போட்டு ரெண்டு வருசமா மனசுல வச்சிட்டிருக்கியா? சாயாவக் குடி, ஆறுது.”

ஷஹீர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ரொம்ப நேரம் விடவில்லை. புறப்படும்போது கல்யாணப் பத்திரிகையைப் பெமிலாவிடம்தான் கொடுத்தான். “ரெண்டு பேரும் வரணும் மைனி” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவன் போன பிறகு பெமிலா வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு வருஷமாக அவள் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அவள் காதிலேயே வந்து விழுந்தது.

“அவனக் காப்பாத்த அப்படிச் சொன்னீங்க, சரி. ஊருக்குச் சொல்ல வேண்டாம். எனக்கிட்டயாவது உள்ளதச் சொல்லியிருக்கலாமே?”

எபிசன் டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபம் இல்லை.

“என்ன நடந்ததுன்னு நீ ஒரு நாளும் கேக்கல்லியே ஏட்டி.”